போனஸ் வந்தது, துப்பாக்கி போச்சு!

ஒரகடம் கூட்டுரோடு. ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்கள் வரிசையாக வெளியே வருகின்றன. டீக்கடை வாசலில் ஒரு வாலிபர். கையில் கண்ணாடி டம்ளர். டீ ஆறிக்கொண்டிருக்கிறது. அவர் குடிக்கவில்லை.

காதல் தோல்வியா? இல்லை.

கடன் தொல்லையா? அதுவும் இல்லை.

"ஒரு துப்பாக்கியைக் கோட்டை விட்டுட்டேன் அண்ணே!"

பதற வேண்டாம். சுடுவதற்கு அல்ல. அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதற்கு!

பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். இப்படி ஒரு வாலிபர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக் கொள்வோம். பழம்பொருள் சேர்க்கிற எந்தப் பையனைக் கேட்டாலும் இதே மாதிரி ஒரு கதை வைத்திருப்பான். பொருள் கண்ணில் பட்டது, கையில் காசு இல்லை. காசு வந்தது, பொருள் இல்லை.

நம்முடைய வாலிபர் முதலில் சேர்த்தது ஓட்டைக் காலணா. பிறகு பித்தளைப் பூட்டு, அரிக்கேன் விளக்கு, வால்வு ரேடியோ. ஒரு நாள் நண்பனின் கிராமத்துக்குப் போகிறார். பெரிய ஓட்டு வீடு. பரணில் பானைகளுக்குப் பின்னால் நீளமாக ஏதோ தெரிகிறது. இறக்கிப் பார்த்தால் துப்பாக்கி! நாலு அடிக்கு மேல் நீளம். குழல் முழுக்கத் துரு. கட்டையில் பாதியைக் கறையான் தின்றிருக்கிறது. ஆனால் சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்விப் பிடிக்கும் அந்த இரும்பு வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

"இது எவ்வளவு தாத்தா?"

"நீயே பார்த்துக் குடு தம்பி. எனக்கு இது எதுக்கு?"

"அடுத்த மாசம் போனஸ் வந்ததும் வந்துடறேன். யாருக்கும் குடுத்துடாதீங்க."

போனஸ் வந்தது. வாலிபரும் போனார். பெரியவர் கையை விரித்தார்.

"அதுவா? பழைய இரும்புக்காரன் வந்தான். ஓட்டைச் சைக்கிளோட சேர்த்துப் போட்டுட்டேம்பா!"

அன்றைக்கு ஆறியதுதான் டீ.

புல்லட் பூமி

இந்தப் பகுதிப் பையனுக்குத் துப்பாக்கி மேல் ஆசை வந்ததில் ஆச்சரியம் இல்லை. அவன் ஓட்டுகிற வண்டியே துப்பாக்கி வம்சம்தான்!

ராயல் என்பீல்டு கம்பெனி ஒரகடத்தில் ஆலை திறந்தது 2013ல். பக்கத்தில் வல்லம் வடகாலில் இன்னொன்று, 2017ல். என்பீல்டு என்பது லண்டனுக்கு வடக்கே உள்ள ஓர் இடத்தின் பெயர். பிரிட்டிஷ் சர்க்காரின் துப்பாக்கித் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. ரெட்டிச் என்ற ஊரில் இருந்த ஒரு சைக்கிள் கம்பெனி 1890களில் அந்தத் தொழிற்சாலைக்கு உதிரி பாகம் செய்து கொடுத்தது. அந்தப் பெருமையில் பெயரையும் எடுத்துக் கொண்டது. 'துப்பாக்கி மாதிரி செய்தது' என்று விளம்பரமும் போட்டுக் கொண்டது. முத்திரையில் பீரங்கிப் படம்!

அதே என்பீல்டு பெயரில் வந்த 1853ஆம் வருஷ மாடல் துப்பாக்கிதான் 1857ல் சிப்பாய்களைக் கொதிக்க வைத்தது. மருந்தும் குண்டும் காகிதத்தில் சுற்றி வரும். பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். அந்தக் காகிதத்தில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்கிறது என்று பேச்சு கிளம்பியது. பிறகு நடந்தது பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது.

வண்டி செய்கிற ஊர் ஒரகடம். துப்பாக்கி மட்டும் கண்ணில் படாது. பட்டாலும், நம்ம வாலிபருக்கு ஆன கதிதான்!

சர்க்காரே போட்ட பழைய இரும்பு

ஓட்டு வீட்டுப் பெரியவரைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை. அவர் போட்டது ஒரே ஒரு துப்பாக்கி. ஓர் அரசாங்கம் ஓர் அரண்மனை ஆயுதச்சாலையையே பழைய இரும்பாகப் போட்டிருக்கிறது!

இடம் தஞ்சாவூர். கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி 1855ல் ஆண் வாரிசு இல்லாமல் காலமானார். கிழக்கிந்தியக் கம்பெனி அரண்மனைக்குள் நுழைந்து சொத்துக்களைக் கைப்பற்றியது. ராணி காமாட்சி பாய் சும்மா விடவில்லை. கேஸ் போட்டார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1859ல் தீர்ப்பு வந்தது. 'இது அரசாங்கச் செயல், கோர்ட்டு தலையிட முடியாது' என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த அரண்மனையில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த ஆயுதங்கள் கிடந்தன. துப்பாக்கியைவிட வாள், கட்டாரி, ஈட்டி, யானை அங்குசம் இவைதான் அதிகம். கிடந்தன என்றால் நிஜமாகவே கிடந்தன. குவியல் குவியலாகத் தரையில், துருவேறி! தேய்த்துச் சுத்தம் செய்து பார்த்தபோதுதான் கைப்பிடியில் யாளியும் கிளியும் பூவேலையும் தெரிந்தன.

1860களில் அந்த ஆயுதச்சாலை கலைக்கப்பட்டது. நல்லதாகப் பொறுக்கி எடுத்த கொஞ்சம் சென்னை மியூசியத்துக்கு வந்தது. மற்றதில் பெரும்பகுதி உடைத்து, இரும்பு விலைக்குப் போனது. சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த வால்ஹவுஸ் என்ற வெள்ளைக்காரர் இதைப் பற்றி 1878ல் 'இந்தியன் ஆன்டிக்குவரி' பத்திரிகையில் ஒரு கட்டுரையே எழுதினார். பழம்பொருள் பைத்தியம் பிடித்தவர் அவர். எழுதும்போது நம்ம ஒரகடத்து வாலிபர் மாதிரியே பெருமூச்சு விட்டிருப்பார்!

அன்று உடைபடாமல் தப்பிய தஞ்சாவூர்ச் சாமான்கள் இன்று நியூயார்க் மியூசியத்தில்கூட இருக்கின்றன. தஞ்சாவூரில் கீழவாசல் கொத்தளத்தின் மேல் உட்கார்ந்திருப்பது ராஜகோபால பீரங்கி. ஏறத்தாழ ஏழரை மீட்டர் நீளம், இருபது டன்னுக்கு மேல் எடை. அதையும் தூக்க முடிந்திருந்தால் விட்டு வைத்திருப்பார்களா என்ன?

புள்ளலூர் வயல்

தஞ்சாவூர் தூரம். ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு துப்பாக்கிக் கதை இருக்கிறது. காஞ்சிபுரத்துக்குச் சற்று வடக்கே புள்ளலூர் கிராமம். இன்றைக்குப் போனால் நெல் வயல்.

1780 செப்டம்பர் 10. கர்னல் பெய்லி என்ற கம்பெனித் தளபதி கிட்டத்தட்ட நாலாயிரம் பேருடன் வடக்கே இருந்து வருகிறார். காஞ்சிபுரத்தில் காத்திருக்கும் மன்றோவின் படையோடு சேர வேண்டும். இது ஹெக்டர் மன்றோ. தீவுத் திடல் பக்கம் குதிரையில் சிலையாக நிற்கிற தாமஸ் மன்றோ வேறு! இருவருக்கும் இடையே கொஞ்ச தூரம்தான். ஆனால் நடுவில் ஹைதர் அலியும் மகன் திப்புவும் வந்துவிட்டார்கள்.

மைசூர்ப் படையின் ராக்கெட்டுகள் சீறின. பீரங்கி முழங்கியது. கம்பெனிப் படையின் மருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. அதோடு கதை முடிந்தது. செத்தவர் போக மிச்சம் பேர் கைதானார்கள். இந்தியாவில் கம்பெனி அதுவரை கண்டிராத தோல்வி. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் தரியா தவுலத் மாளிகைச் சுவரில் இந்தச் சண்டையைப் பெரிய சித்திரமாகவே தீட்டி வைத்தார்கள்.

மறு வருஷம் ஆகஸ்டு 27ல் அதே புள்ளலூரில் மறுபடியும் சண்டை. அதில் செத்த இரண்டு வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு எழுப்பிய நினைவுத் தூண்கள் இப்போதும் அங்கே நிற்கின்றன.

1780ல் கைதானவர்களில் பெயர்ட் என்ற காப்டனும் ஒருவர். ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையில் மூன்றரை வருஷத்துக்கு மேல் கிடந்தார். விடுதலையாகிப் போனார். போனவர் மறக்கவில்லை.

1799 மே 4. ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை மதிலை உடைத்துக்கொண்டு கம்பெனிப் படை உள்ளே பாய்ந்தது. முன்னால் நின்று நடத்தியவர் யார்? அதே பெயர்ட்! இப்போது மேஜர் ஜெனரல். அன்று மாலைக்குள் திப்பு பிணமாகக் கிடந்தார்.

அடுத்து கொள்ளை. திப்புவின் கோட்டையில் சுமார் ஒரு லட்சம் துப்பாக்கிகள் இருந்ததாகக் கணக்கு. மட்டமானதைச் சிப்பாய் எடுத்தான். நல்லதை அதிகாரி எடுத்தார். திப்புவின் சொந்தத் துப்பாக்கிகள் தனி ரகம். புலி வரி, புலி முகம், வெள்ளி வேலைப்பாடு! ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கொல்லர்களே செய்தவை. எல்லாம் கப்பல் ஏறின.

அங்கேயும் ஒரு பரண்

அப்படிக் கப்பல் ஏறியவற்றில் ஒன்று, இருநூறு வருஷம் கழித்து வெளியே வந்தது. எங்கிருந்து? ஒரு வீட்டுப் பரணிலிருந்து!

இங்கிலாந்தில் பெர்க்ஷயர் பகுதி. ஒரு குடும்பத்தாரின் வீட்டு மேல்பரணில் சில பழைய சாமான்கள். கம்பெனிப் படையில் இருந்த மேஜர் தாமஸ் ஹார்ட் என்பவர் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து கொண்டுபோனவை. வாள்கள், வெற்றிலைப் பாக்குப் பெட்டி, கூடவே வெள்ளிப் பூண் போட்ட சிக்கிமுக்கித் துப்பாக்கி ஒன்று. முனையில் செருகும் பயனெட் கத்தியும் இருந்தது. சண்டையில் குண்டு பட்ட அடையாளம் அந்தத் துப்பாக்கியில் அப்படியே இருந்தது.

2019 மார்ச்சில் ஏலம் என்று அறிவித்தார்கள். லண்டனில் உள்ள இந்திய ஹைகமிஷன், 'எங்கள் நாட்டுச் சொத்து, மனமுவந்து திருப்பித் தரலாமே' என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தது. சட்டப்படி கட்டாயப்படுத்த வழி இல்லை. ஏலம் நடந்தது. துப்பாக்கி மட்டும் 60 ஆயிரம் பவுனுக்குப் போனது. அன்றைய கணக்கில் நம்ம ரூபாயில் 54 லட்சத்தை ஒட்டி! மொத்தச் சாமானும் சேர்ந்து ஒரு லட்சம் பவுனைத் தாண்டியது.

சைக்கிளோடு சேர்த்துப் போட்ட துப்பாக்கி எங்கே, 54 லட்சம் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பரணில் கிடப்பதெல்லாம் திப்புவின் துப்பாக்கி ஆகாது. யார் செய்தது, யார் கையில் இருந்தது, எப்படி இந்த வீட்டுக்கு வந்தது என்று தொடர்ச்சியாகக் காகிதமும் சாட்சியமும் இருந்தால்தான் அந்த விலை. காகிதம் இல்லாவிட்டால் எப்பேர்ப்பட்ட துப்பாக்கியும் கிலோ கணக்குதான்.

இதைவிட வேடிக்கை ஒன்று 2023ல் நடந்தது. திப்புவுக்காக அசத் கான் முகமது என்ற கைவினைஞர் 1793-94ல் செய்த வேட்டைத் துப்பாக்கி. பறவை சுடுவதற்கானது. பிற்பாடு கார்ன்வாலிஸ் பிரபுவிடம் போய்ச் சேர்ந்தது. மதிப்பு 20 லட்சம் பவுன். அதாவது 20 கோடி ரூபாய்! அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள். பிரிட்டிஷ் அரசு குறுக்கே விழுந்தது. மே மாதத்தில் ஏற்றுமதிக்குத் தற்காலிகத் தடை! எதற்கு? இவ்வளவு அருமையான பொருள் தங்கள் நாட்டை விட்டுப் போய்விடக் கூடாதாம். உள்நாட்டில் யாராவது வாங்கிக்கொள்ள அவகாசம் கொடுத்தார்கள்.

நம்ம ஊர்த் துப்பாக்கி கை நழுவிப் போகிறதே என்று அவர்களுக்குக் கவலை!

அதே மாதத்தில் திப்புவின் படுக்கையறை வாள் லண்டன் ஏலத்தில் 1 கோடியே 40 லட்சம் பவுனுக்குப் போனது. ரூபாயில் 140 கோடிக்கு மேல். அந்தப் பேச்சை எடுத்தால் டீ மட்டும் அல்ல, பாலும் ஆறிவிடும்.

வாங்கியிருந்தால்?

சரி. நம்ம வாலிபருக்கு வருவோம். போனஸ் ஒரு வாரம் முந்தி வந்து, துப்பாக்கியும் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. 1959ஆம் வருஷ ஆயுதச் சட்டப்படி, லைசென்சு இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 2019ல் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டினார்கள். குறைந்தபட்சம் 2 வருஷம், 5 வருஷம் வரை போகலாம், அபராதம் வேறு. 21 வயது ஆகாதவருக்கு லைசென்சும் கிடையாது. லைசென்சு உள்ளவரும் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. முன்பு மூன்று வைத்திருந்தார்கள். தேர்தல் வந்தால் அதையும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள்.

குடகு நாட்டில் மட்டும் கதை வேறு. குடகர்களுக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே லைசென்சு விலக்கு உண்டு. இப்போது 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். ஒரகடத்துக்கு அந்தச் சலுகை இல்லை.

"ஆனா இது பழசு அண்ணே, சுடவே சுடாது!"

பழசு என்றால் சட்டத்தில் வழி இருக்கிறது, அதுவும் உண்மை. பழங்கால மாதிரியாகவோ, பழம்பொருள் மதிப்பு உள்ளதாகவோ, பழுதானதாகவோ இருந்து, ரிப்பேர் செய்தாலும் சுட முடியாது என்ற நிலையில் இருந்தால், 1959 சட்டத்தின் 45ஆவது பிரிவு விலக்கு தருகிறது. 'ரிப்பேர் செய்தாலும்' என்ற இரண்டு வார்த்தையைக் கவனிக்க வேண்டும். சிக்கிமுக்கித் துப்பாக்கியில் என்ன பெரிய இயந்திரம்? வாய் வழியாக மருந்தையும் குண்டையும் போட்டு இரும்புக் குச்சியால் இடிக்க வேண்டியது. விசையை இழுத்தால் கல் இரும்பில் உரசும், பொறி பறக்கும், மருந்து பற்றும். ஒரு நல்ல கொல்லர் மனசு வைத்தால் அதை மறுபடி சுட வைத்துவிடுவார். அப்புறம் பழசு என்ன, புதுசு என்ன?

2020 பிப்ரவரியில் மத்திய உள்துறை அமைச்சகம் விதியைத் திருத்தி இன்னொரு சலுகை கொடுத்தது. 'கியூரியோ' என்ற பழம்பொருள் வகையைச் சேர்ந்த துப்பாக்கியை வாங்கவும் வைத்துக்கொள்ளவும் இந்தியக் குடிமகனுக்கு லைசென்சு தேவை இல்லை. கேட்கக் குஷியாக இருக்கிறது அல்லவா? அடுத்த வரியையும் படிக்க வேண்டும். அதை உபயோகிக்கவோ, எடுத்துச் செல்லவோ, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டு போகவோ உரிய லைசென்சு வேண்டும்!

அதாவது வாங்கலாம், வைத்துக்கொள்ளலாம். கிராமத்திலிருந்து ஒரகடத்துக்கு எப்படிக் கொண்டு வருவது? கோணிப்பையில் சுற்றி பஸ்ஸில் வைத்துக்கொண்டு வந்திருந்தால், செக்போஸ்டில் கோணியைப் பிரித்த ஏட்டையாவிடம் 1780ஆம் வருஷத்துப் புள்ளலூர்க் கதையைச் சொல்லிப் பிரயோசனம் இருந்திருக்காது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. போன வருஷம் காட்டுப் பக்கம் யாரோ தட்டிய நாட்டுத் துப்பாக்கியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் துரு ஏற்றினால், பார்க்கிறவன் கண்ணுக்கு அது மாளிகைச் சாமான்தான். விற்கிறவன் 'ஜமீன் காலத்தது' என்பான். வாங்குகிறவன் நம்புவான். அது எந்த வகை என்று முடிவு செய்வது இவர்கள் இரண்டு பேரும் அல்ல. போலீசார் சோதனைக்கு அனுப்பும்போது உண்மை வெளிவரும். உள்ளே போவது யார் என்று சொல்லத் தேவை இல்லை.

பெரியவருக்கும் ஒரு வார்த்தை. தாத்தா காலத்துத் துப்பாக்கி பரணில் இருந்தால், பழைய இரும்புக்குப் போடுவது தப்பு. ஒளித்து வைப்பதும் தப்பு. லைசென்சு இருந்தவர் காலமாகிவிட்டால், வாரிசுகள் தாமதம் செய்யாமல் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்சு பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். பிறகு தங்கள் பெயருக்கு லைசென்சு கேட்டு மனுப் போடலாம். நூறு வருஷத்துக்கு மேல் பழசு என்றால் 1972ஆம் வருஷத் தொல்பொருள் சட்டமும் வரும். வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. லைசென்சு இல்லாமல் அதை வியாபாரமாகவும் செய்ய முடியாது.

மண்ணில் கிடைத்தால்? ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் தினம் எங்கேயாவது ஜே.சி.பி. மண் வாரிக்கொண்டுதான் இருக்கிறது. பீரங்கிக் குண்டோ துப்பாக்கிக் குழலோ வாளித் தட்டில் ஏறினால், அதை இடத்துக்காரரோ டிரைவரோ தாங்களாகவே எடுத்துக்கொள்ள முடியாது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எதுவானாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் வருஷத்துச் சட்டம். தொகை இன்றும் பத்து ரூபாயேதான்!

கண்ணாடிக்குப் பின்னால்

இவ்வளவையும் கேட்ட பிறகு நம்ம வாலிபருக்குப் பயம் வரலாம். ஏக்கம் போகுமா? போகாது. ஜெயிலுக்குப் போகாமல் தப்பியது வேறு. அந்த இரும்பு வாயைக் கையால் தொட்டுப் பார்த்தது வேறு. உருக்கும் உலையில் அது எப்போதோ கம்பியாகி இருக்கும். அந்தக் கம்பி, கட்டுகிற ஏதாவதொரு கம்பெனித் தூணுக்குள் போயிருந்தாலும் இருக்கும்.

தொட முடியாது, ஆனால் பார்க்கலாம் என்ற இடம் இரண்டு உண்டு. ஒன்று, புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிற மியூசியம். கம்பெனிக்காரன் பக்கத்து ஆயுதங்கள் அங்கே. இன்னொன்று எழும்பூர் மியூசியம். வாசலிலேயே பீரங்கிகள் நிற்கும். உள்ளே, இரும்பு விலைக்குப் போகாமல் தப்பி வந்த தஞ்சாவூர் அரண்மனைச் சாமான்கள் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன.

ஒரகடத்திலிருந்து பஸ் பிடித்துத் தாம்பரம் வந்தால், அங்கிருந்து எலக்ட்ரிக் டிரெயின். எழும்பூரில் இறங்கி நடந்தே போகலாம். வெள்ளிக்கிழமை மட்டும் போகக் கூடாது. மியூசியத்துக்கு அன்றைக்கு லீவு. வாலிபருக்கு வார ஓய்வு ஞாயிற்றுக்கிழமை. ஓவர்டைம் வராமல் இருக்க வேண்டும்.